தாளில் தமிழ், நாவில் எங்கே?

தமிழ்நாட்டு மேடைகளில் ஒரு பெருமை ஓயாமல் முழங்கப்பட்டு வருகிறது. "மொரீசியசு நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது, பாரீர்!" என்று பேச்சாளர் கையை உயர்த்துவார், அவை கைதட்டும், கைதட்டியவர் நெஞ்சு நிமிர்ந்து வீடு திரும்புவர். அந்தத் தீவு எங்கிருக்கிறது, அங்குத் தமிழன் எப்படிச் சென்றான், என்ன உழைத்தான், என்ன பெற்றான், இன்று அவன் தன் பிள்ளையை எம்மொழியில் அழைக்கிறான் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

கைதட்டுவது எளிது, கணக்குப் பார்ப்பது அரிது. அக்கணக்கைப் பார்த்தாலன்றி, ஒரு மண்ணையும் அதன் மக்களையும் அவர்தம் மொழியையும் ஒற்றைப் பயிரும் ஒருசிலர் பேராசையும் எவ்வாறு உருமாற்றிவிட வல்லன என்பது விளங்காது. மொழி மேடையில் சாவதில்லை. வயலிலும் பள்ளியிலும் அடுப்பங்கரையிலும் சாகிறது. செத்தபின் அதன் படத்தைப் பணத்தாளில் அச்சிடுவது எவருக்கும் எளிதே!

நிலமும் பயிரும்

மொரீசியசு, இந்துமாக்கடலின் தென்மேற்கில், மடகாசுக்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கி.மீ. தொலைவில், நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே 20 பாகையளவில் கிடக்கும் சிறு தீவு. பரப்பு 1,865 சதுரக் கி.மீ. எரிமலை கக்கிய குழம்பு இறுகி உண்டான நிலம், கரையைச் சூழப் பவளப்பாறை வேலி, நடுவே மேட்டுநிலம், மிக உயர்ந்த முடி 828 மீட்டர். தென்கிழக்குக் காற்று மழை கொணரும். கோடைத் திங்கள்களில் பெரும்புயல் வரும். 1960-இல் வீசிய 'கரோல்' புயல் பல்லாயிரம் குடியிருப்புகளைத் துடைத்துச் சென்றது. அப்புயல்களுக்கு வளைந்துகொடுத்து, ஒடிந்தாலும் அடியிலிருந்து மீண்டும் தழைக்க வல்லது கரும்பு. தீவு முழுதும் கரும்பானதற்கு இஃது ஒரு கரணியம். ஆனால் முதற் கரணியம் அன்று.

அத்தீவிற்குத் தொல்குடிகள் இலர். 1598-இல் ஒல்லாந்தர் இறங்கித் தம் இளவரசன் மோரிசின் பெயரை அதற்குச் சூட்டினர். கருங்காலிக் காடுகளை வெட்டிக் கப்பலேற்றினர். உலகில் வேறெங்கும் இல்லாத, பறக்கத் தெரியாத டோடோப் பறவை, அவர் கையாலும் அவர் கப்பலில் வந்த எலி, பன்றி, குரங்குகளாலும் நூறாண்டிற்குள் பூண்டற்றுப் போயிற்று. 1639-இல் சாவகத்திலிருந்து கரும்பைக் கொணர்ந்தவரும் அவரே. 1710-இல் அவர் போனார். 1715-இல் பிரெஞ்சியர் வந்தார். 1810-இல் ஆங்கிலர் வென்றார். கொடி மும்முறை மாறிற்று; கரும்பு மாறவில்லை. மேலையிந்தியத் தீவுகளின் சருக்கரைக்குள்ள குறைந்த வரியே மொரீசியசுச் சருக்கரைக்கும் போதும் என்று 1825-இல் ஆங்கில அரசு அறிவித்ததும், காடும் மேடும் கரும்பாயின. குடிமக்கள் உண்ணும் பயிர் ஓரத்திற்குத் தள்ளப்பட்டது. பண்ணையார் விற்கும் பயிர் நிலமெங்கும் பரந்தது. முதற் கரணியம் இதுவே.

தான் உண்பதை விளைக்காமல் பிறன் தேநீரில் கரைவதை விளைக்கும் நாட்டின் அடுப்பு, பிறன் கையில்தான் இருக்கும். 1942-இல் சப்பானியர் பருமாவைக் கைப்பற்றியதும் அரிசிக் கப்பல் நின்றது. கண்ணுக்கெட்டிய தொலைவு பச்சைப்பசேலென்று பயிர் நின்ற நாட்டில், மக்கள் மரவள்ளியையும் மக்காச்சோளத்தையும் தின்று நாட்கடத்தினர். வயல் நிறைந்திருந்தது, வயிறு ஒட்டியிருந்தது. ஒற்றைப் பயிர்ப் பொருளியலின் உண்மை முகம் அஃதன்றோ?

வெட்டிய கை யார் கை?

தமிழன் அத்தீவிற்கு முதலிற் கூலியாகச் செல்லவில்லை. 1735 முதல் 1746 வரை அங்கு ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தரையும் தச்சரையும் கொல்லரையும் அழைத்துச் சென்றார். போர்ட் லூயித் துறைநகரம் எழுந்ததில் அவர்தம் கைவினைக்குப் பெரும்பங்கு உண்டு. கரும்புத் தோட்டத்திற்கு ஆள்பிடிக்கத் தொடங்குவதற்கு நூறாண்டு முன்னரே, தமிழன் அங்கே கட்டுநனாக நின்றான்.

கரும்பை முதலில் வெட்டியவர், மடகாசுக்கரிலிருந்தும் கீழை ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். அவருள் தென்னாட்டிலிருந்து விற்கப்பட்டோரும் இருந்தனர். 1835-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அப்போது ஆங்கில அரசு இருபது இலக்கம் பவுனுக்கு மேல் இழப்பீடு தந்தது. யாருக்கு? அடிமைகளுக்கா? இல்லை, அடிமைகளை வைத்திருந்தவருக்கு! விலங்கைப் பூட்டியவனுக்குப் பொன். விலங்கைச் சுமந்தவனுக்கு வெறுங்கை. இதனை அறம் என்று எழுதிவைத்துக்கொண்டது அப்பேரரசு.

அடிமைக்கு மாற்றாக வந்தவரே ஒப்பந்தக் கூலிகள். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலக்கம் பேர் இந்தியாவிலிருந்து அத்தீவில் இறக்கப்பட்டனர். பெரும்பகுதியினர் பீகார்ப் பகுதியிலிருந்து கல்கத்தா வழியாகச் சென்றவர். தமிழரும் தெலுங்கரும் சென்னைத் துறையிலிருந்து சென்றவர். அவர் ஏறிவந்த துறைப்படிகளும் கொட்டகையும் போர்ட் லூயியில் 'ஆப்பிரவாசி காட்' என்ற பெயரில் இன்றும் உள்ளன; 2006-இல் அவ்விடம் உலகமரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயரை எழுத்தன் தன் காதுக்கு எட்டியவாறு எழுதிக்கொண்டான். முத்துச்சாமியும் செல்லனும் அரங்கநாதனும் பிரெஞ்சு ஒலிப்பில் நசுங்கி, பேரப்பிள்ளைக்கே பொருள் விளங்காத பெயர்களாயினர்.

திங்கட்கூலி ஐந்து உருபா. ஒருநாள் வேலைக்கு வாராதவனுக்கு இருநாட் கூலி பிடித்தம். அதற்கு 'இரட்டை வெட்டு' என்று பெயர். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்தவனும் நிழற்படம் ஒட்டிய சீட்டில்லாமல் சாலையில் நடந்தால் நாடோடி எனப் பிடித்துச் சிறையிடலாம். 1871-இல் அடால்பு த பிளெவிட்சு என்னும் வெள்ளையர் ஒருவரே இக்கொடுமை பொறாது, ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கூலிகளின் முறையீட்டை ஆளுநரிடம் கொடுத்தார். அதன் பின்னரே இலண்டன் அரசு உசாவற்குழுவை அனுப்பிற்று.

அத்தீவின் கரும்பு வயல்களுக்கு நடுவே இன்றும் கரிய கற்குவியல்கள் சிறு குன்றுகள்போல் நிற்கின்றன. எரிமலைக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துச் சுமந்து குவித்தாலன்றி ஏர் இறங்காத நிலம் அது. அக்கற்களைச் சுமந்த அடிமையின் பெயரோ கூலியின் பெயரோ அவற்றின்மேல் எழுதப்படவில்லை. தமிழனின் பெருமையைக் காட்ட விழைவோர் பணத்தாளைக் காட்டற்க, அக்கற்குவியலைக் காட்டுக!

அஞ்சலை

1943-ஆம் ஆண்டு செபுத்தம்பர் 27. தீவின் வடபகுதியில் பெல் வியூ ஆரெல் என்னும் சருக்கரைத் தோட்டம். கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். காவலர் சுட்டனர். நால்வர் மாண்டனர். அவருள் ஒருத்தி அஞ்சலை; அகவை முப்பத்திரண்டு; சூல்கொண்டிருந்தவள். உடன் வீழ்ந்தோர் பெயர்களும் கிருட்டிணசாமி, முனுசாமி, மருதை என்றே ஒலிக்கின்றன.

மொரீசியசு மக்கள் அஞ்சலையை மறக்கவில்லை. அங்கே ஒரு பெரிய விளையாட்டரங்கிற்கு அவள் பெயரைச் சூட்டியுள்ளனர். மறந்தவர், இல்லை, அறியவே முயலாதவர் தமிழ்நாட்டுத் தமிழரே. பணத்தாளை அறிந்தவர் ஆயிரம். அஞ்சலையை அறிந்தவர் எத்தனைபேர்? தாளின் மதிப்புத் தெரிந்த கூட்டத்திற்குக் குருதியின் மதிப்புத் தெரியவில்லையே!

விடுதலைக்குப் பின்

1968 மார்ச்சு 12-இல் தீவு விடுதலை பெற்றது. அன்று அதன் ஏற்றுமதி வருவாயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சருக்கரையே. பிழைக்க வழியற்ற நாடு என்றே பொருளியல் அறிஞர் பலர் கணித்திருந்தனர். அக்கணிப்பை அம்மக்கள் பொய்யாக்கினர் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. 1970-இல் ஏற்றுமதித் தொழில் வளாகச் சட்டம் கொணர்ந்து ஆடைத் தொழில் வளர்த்தனர், 1977 முதல் மேனிலைப்பள்ளி வரை கட்டணமில்லாக் கல்வி தந்தனர், சுற்றுலாவைப் பெருக்கினர். 2018-இல் அங்கு வந்த வெளிநாட்டார் ஏறத்தாழ 14 இலக்கம். தீவின் மக்கள்தொகையோ 13 இலக்கத்திற்கும் குறைவு. பல இனத்தார் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் ஒருமண்ணில் வாழ்வதும் சிறிய செயல் அன்று.

ஆயினும் பழைய நோய் முற்றும் தீரவில்லை. ஐரோப்பிய நாடுகள் உறுதிசெய்திருந்த உயர்விலை 2009-இல் முடிந்ததும் கரும்பு வீழ்ந்தது. 1973-இல் ஏறத்தாழ 7 இலக்கம் டன் சருக்கரை தந்த நாடு, அண்மை ஆண்டுகளில் இரண்டரை இலக்கம் டன்னையும் எட்டவில்லை. பெருநிலங்களோ இன்றும் ஒருசில பிரெஞ்சுவழிக் குடும்பக் குழுமங்களின் கையிலேயே பெரிதும் உள்ளன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பண்ணையார் விளைச்சல் குறைந்த ஓரநிலங்களைத் துண்டுபோட்டு விற்றபோதுதான் கூலியின் மக்கள் சிலர் காணியாளராயினர். கரும்பு வெட்டிய வயல்கள் இன்று செல்வர் மாளிகைகளாகவும் பொழுதுபோக்குத் திடல்களாகவும் மாறுகின்றன. அரிசியோ, அன்றுபோலவே இன்றும் கப்பலில் வருகிறது.

இன்னொரு விளைச்சலும் அங்குண்டு: முகவரி. இந்தியாவிற்கும் மொரீசியசிற்கும் 1982-இல் ஏற்பட்ட வரி உடன்படிக்கையைப் பற்றிக்கொண்டு, எங்கெங்கோ உள்ள பெருமுதலாளிகள் தம் பணத்திற்குப் போர்ட் லூயியில் ஒரு முகவரி எடுத்து, அவ்வழியே இந்தியாவில் முதலிட்டு, பங்கு விற்ற ஊதியத்திற்கு இருநாட்டிலும் வரியின்றித் தப்பினர். 2016-இல்தான் அவ்வுடன்படிக்கை திருத்தப்பட்டது. கூலியைக் கப்பலேற்றி அனுப்பிய அதே கடல்வழியில், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் முதலாளியின் பணம் வந்துபோயிற்று. கூலிக்குச் சீட்டும் சிறையும்; பணத்திற்குச் சீட்டுமில்லை, சிறையுமில்லை!

தீவின் உடலிலேயே ஒரு பகுதி அறுத்தெடுக்கப்பட்ட கதையும் உண்டு. விடுதலைக்கு மூன்றாண்டு முன்னர், 1965-இல், சாகோசுத் தீவுக்கூட்டத்தை ஆங்கில அரசு மொரீசியசிலிருந்து பிரித்து, 30 இலக்கம் பவுனைக் கையில் திணித்தது. தியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைவதற்காக, 1968-க்கும் 1973-க்கும் இடையே, அங்குத் தென்னந்தோப்புகளில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த ஆயிரத்தைந்நூறு பேருக்குக் குறையாதோர் வெளியேற்றப்பட்டுப் போர்ட் லூயியின் சேரிகளில் எறியப்பட்டனர். அது முறையற்றது என்று 2019-இல் பன்னாட்டு அறமன்றம் கருத்துரைத்தது. 2025 மே 22-இல் தீவுக்கூட்டத்தைத் திருப்பித்தர ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதிலும் படைத்தளத்திற்கு 99 ஆண்டுக் குத்தகை! சிறுநாட்டின் நிலவியலை வல்லரசின் கத்தரிக்கோலே வரைகிறது.

மொழி போன வழி

இனித் தமிழுக்கு வருவோர் வருக. தமிழ் அங்கே யாரால் போயிற்று? 'பிறர் ஒழித்தனர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது மேடைக்கு உகக்கும், உண்மைக்கு உகவாது.

தோட்டத்தில் கட்டளை பிரெஞ்சுவழிக் கிரியோலில் வந்தது. உடன் வெட்டிய ஆப்பிரிக்கவழித் தொழிலாளியின் பேச்சும் கிரியோலே. கூலிகளுள் பெரும்பான்மையினர் பேச்சு போச்சுபுரி. இவற்றினிடையே தமிழ்க் குடும்பங்கள் ஒரு தோட்டத்திற்குச் சில என்று சிதறிக்கிடந்தன. பள்ளிக்குப் போனால் ஆங்கிலமும் பிரெஞ்சும். அலுவலகத்திற்குப் போனால் ஆங்கிலமும் பிரெஞ்சும். சந்தைக்குப் போனால் கிரியோல். தமிழுக்கு எஞ்சியது கோயில் ஒன்றே. உழைக்க உதவாத மொழி, விற்க உதவாத மொழி, படித்து உயர உதவாத மொழி என்று ஆக்கப்பட்ட பின், பாட்டியின் நாவில் அது சிறிதுகாலம் தங்கிற்று, பாட்டியோடு போயிற்று. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பில், வீட்டில் கிரியோல் பேசுவோர் நூற்றுக்கு எண்பதுக்கு மேல். பெரும்பான்மையினரின் போச்சுபுரியே, 2000-இல் நூற்றுக்குப் பன்னிரண்டாக இருந்து, பதினோராண்டில் ஐந்தாகத் தேய்ந்தது என்றால், சிறுபான்மைத் தமிழின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இன்னும் வியப்பு யாதெனில், அக்கணக்கெடுப்பில் 'தமிழ்' என்பதைச் சமயத்தின் பெயராக எழுதிக்கொள்வோர் பல்லாயிரவர். தைப்பூசக் காவடிக்கு நாடு முழுதும் அரசு விடுமுறை. அலகு குத்தி, தீ மிதித்து, உள்ளம் உருகி வழிபடுகின்றனர். ஆனால் பாடும் பாட்டை உரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார் அவருள் பலர். மொழியின் பெயர் சமயத்திற்குப் போய்விட்டது. மொழி எங்கோ போய்விட்டது!

முற்றும் போய்விட்டதா? இல்லை. அடுப்பங்கரையைப் பாருங்கள். மொரீசியசுக் கிரியோலில் கொத்தமல்லிக்குக் 'கொத்தோமிலி' என்று பெயர், கறிவேப்பிலைக்குக் 'கறிபுலே', முருங்கைக்கு 'முரும்', பீர்க்கங்காய்க்குப் 'பிப்பங்காய்', மிளகுநீர்ச் சாற்றுக்கு 'இரசோன்'. தமிழர் விருந்தில் வாழையிலையிட்டு ஏழுகறி படைக்கும் வழக்கம் இன்றும் மாறவில்லை; ஆப்பிரிக்கவழியினரும் சீனவழியினரும் அதனை விரும்பி உண்கின்றனர். வேந்தர் காத்த தமிழன்று அது. புலவர் காத்த தமிழன்று. எழுத்தறியாத தாயொருத்தி முந்தானையில் விதையை முடிந்து சென்றபோது அதனுடன் முடிந்துகொண்ட தமிழ். விதை முளைத்த இடத்தில் சொல்லும் முளைத்தது. எந்தப் பொருளைக் கையில் வைத்து ஆண்டார்களோ அந்தப் பொருளின் பெயர் பிழைத்தது; ஆளாத சொல் மறைந்தது. மொழிநூல் முழுதையும் இவ்வொரு பாடத்தில் அடக்கிவிடலாம்.

1998-இன் வெற்றியும் தோல்வியும்

பணத்தாளுக்கு மீளலாம். அதில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழும், அதன்பின் இந்தியும் இருந்தன. 1998-இல் வெளிவந்த புதுத்தாள்களில் அவ்வரிசை மாற்றப்பட்டு, தமிழ் கீழே தள்ளப்பட்டது. தமிழர் கொதித்தெழுந்தனர். அரசு பணிந்தது, அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சாயின. நூறு உருபாத் தாளில் அரங்கநாதன் சீனிவாசன் என்னும் தமிழ்வழித் தலைவரின் முகமும் உள்ளது.

அப்போராட்டம் நயன்மையானது. முன்வந்த இனத்தின் உரிமையைப் பின்தள்ள ஒப்பாத மானம் அது, போற்றுக! ஆனால் ஒரு வினா எஞ்சுகிறது. ஒரு நாட்டின் பணத்தாளையே திரும்பப் பெறவைக்கும் வலிமையுள்ள மக்களால், தம் வீட்டுக் கூடத்தில் தமிழைத் திரும்பப் பெற முடியவில்லையே, ஏன்? தாளின் வரிசையை அரசு ஓர் ஆணையால் மாற்றலாம். நாவின் வரிசையை மாற்ற ஆணை இல்லை. அன்றாடம் வேண்டும், தாய் வேண்டும், பள்ளி வேண்டும், பிழைப்பு வேண்டும்.

அங்கே தொடக்கப்பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாகப் படிக்கலாம். மோக்காவில் காந்தியார் பெயரால் 1970-இல் அமைந்த நிறுவனம் தமிழாசிரியரைப் பயிற்றுகிறது. அவ்வாசிரியர்கள் காற்றை எதிர்த்து விளக்கேந்துவோர். 1989-இல் ஏழாம் உலகத் தமிழ் மாநாடும் அத்தீவிலேயே கூடிற்று. தமிழ்நாட்டிலிருந்து சென்றவர் மாலை சூடினர், படம் எடுத்தனர், திரும்பினர். கிரியோல் பேசும் குழந்தைக்குத் தமிழ் கற்பிக்கத்தக்க பாடநூல் எத்தனை வரைந்தனர்? அஞ்சலையின் கதையை எத்தனைப் பள்ளிப் புத்தகத்தில் ஏற்றினர்?

அங்குள்ள தமிழனைக் குறைகூறத் தமிழ்நாட்டானுக்குத் தகுதி உண்டா என்பதும் எண்ணத்தக்கது. அவன் கடல்கடந்து, எண்ணிடப்பட்டு, சிதறடிக்கப்பட்டு, நூற்றைம்பது ஆண்டு அழுத்தத்தில் மொழியிழந்தான். தமிழ்நாட்டிலோ, தமிழை ஒரு பாடமாகக்கூடப் படியாமல் பள்ளிப்படிப்பை முடிக்கலாம் என்றிருந்த இழிவை மாற்ற, 2006-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது! அவனைக் கசையடி மாற்றிற்று. இவனைக் கட்டணப் பள்ளி மாற்றுகிறது. அவன் பெயரைப் பிரெஞ்சு எழுத்தன் திரித்தான். இவன் தன் பிள்ளைக்குப் பொருள் விளங்காத பெயரைத் தானே தேடிச் சூட்டுகிறான். கடைப்பலகையில் தமிழ், வகுப்பறையில் ஆங்கிலம். விழா மேடையில் தமிழ், வீட்டுக் கூடத்தில் கலப்பு. இது மொரீசியசின் வழியன்றி வேறு எவ்வழி?

2020-இல் ஒரு சரக்குக் கப்பல் பவளப்பாறையில் மோதி, ஆயிரம் டன் அளவில் எண்ணெய் கசிந்து அத்தீவின் கடலைக் கருக்கியது. அரசின் கைக்கு மக்கள் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து, மிதவை அணையாகக் கட்டி, எண்ணெயைத் தடுத்தனர். தம்மை அடிமையாக்கிய கரும்பின் சோகையையே தம் கடலைக் காக்கும் கருவியாக்கிய மக்கள் அவர்! அவ்வுணர்வு மொழிக்கும் வருமாயின், கொத்தோமிலியிலிருந்து கொத்தமல்லிக்குத் திரும்பும் வழி தொலைவில் இல்லை. அதற்குத் தமிழ்நாடு அனுப்ப வேண்டியது மாலை சூடும் பேச்சாளரை அன்று. நூலை, ஆசிரியரை, நெடுநாள் உழைப்பை.

அதுவரை, பணத்தாளை உயர்த்திப் பிடிக்கும் கை தாழ்க! பணத்தாள் நாட்டுக்கு நாடு மாறும். ஆண்டுக்கு ஆண்டு மாறும். தாய் பிள்ளையைச் சோறுண்ண அழைக்கும் சொல் மாறினால், அவ்வினத்தின் பெயர் மாறிவிட்டது என்று பொருள். அச்சொல்லைத் தமிழாகக் காப்பவனே தமிழன். அவன் போர்ட் லூயியில் இருந்தாலும் சரி, பொள்ளாச்சியில் இருந்தாலும் சரி!